ஐந்நூற்று ஐம்பத்தொன்றாம் எண்

நூலகச் சாவி என்னிடம் வந்தது
வேறு யாரும் கேட்காததால்.
காலையில் கணக்கு டீச்சர், மதியத்துக்குமேல் நூலகர்.
ஆண்டிஸ் மலையில், மேகத்துக்குக் கொஞ்சம் மேலே,
பூக்காபம்பா தொடக்கப்பள்ளியில்
பூமியைப் பற்றி மொத்தம் ஏழு புத்தகங்கள்.

ஏழில் ஒன்று உண்மையில் சமையல் புத்தகம்.
அட்டையில் எரிமலை மாதிரி ஒரு கேக்.
யாரோ நம்பி எண் ஒட்டியிருக்கிறார்கள்.
இன்னொன்று,
கண்டங்கள் நகர்வதாகச் சிலர் சொல்கிறார்கள்,
நிரூபணம் இல்லை என்கிறது.
அந்த வரியில் விரல் வைத்திருந்தபோதுதான்
மேசைமேல் தேநீர்
வளையம் வளையமாகச் சிலிர்த்தது.
இங்கே அடிக்கடி அப்படித்தான்.
நிரூபணம் கோப்பைக்குள் வந்துவிட்டுப் போகும்.

ஒதுக்கிய தொகை அறுநூறு சோல்.
ஜவுளிக்கடையில் நிற்பவளைப் போல
விலைப்பட்டியலைத் தடவித் தடவிப் பார்த்தேன்.
டைனோசர் வேண்டுமா, வைரம் வேண்டுமா என்றது.
மலைக்குமேல் இருக்கும் பனி ஏரி உடைந்தால்
எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று
எட்டு வயதுக்குச் சொல்லும் புத்தகம்
அதில் இல்லவே இல்லை.
பதினொரு புத்தகம் வாங்கினேன்,
மிச்சக் காசில் நான்கு பூதக்கண்ணாடி.
முதல் வாரமே அவை மூன்றாயின.

நிலநடுக்கப் புத்தகத்தை முதலில் கொண்டுபோனவள்
நான்காம் வகுப்பு எதெல்வினா கிஸ்பே.
பன்னிரண்டு நாள் தாமதம்.
அபராதம் கேட்கும் முகத்தை மாட்டிக்கொண்டு
புத்தகத்தைப் புரட்டினேன்.
இருபத்திரண்டாம் பக்கம்,
மேசைக்கு அடியில் தலையைப் பொத்திக்கொண்டு
செம்பட்டைமுடிப் பையன் ஒருவன்.
ஓரத்தில் பென்சில்:

“எங்கள் வீடு சுடாத மண்கல்.
மேசைக்கு அடியில் போகாதே. வெளியே ஓடு.
நேரமிருந்தால் கழுதையை அவிழ்த்துவிடு.”

‘நேரமிருந்தால்’ என்பதை அழித்திருந்தாள்,
மறுபடி எழுதி, மறுபடி அழித்து,
தாள் அங்கே கொஞ்சம் கிழிந்திருந்தது,
கடைசியில் எழுதியிருந்தாள்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது.
அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.
ரப்பரை எடுத்தேன்.
எடுத்த கை எடுத்தபடி நின்றது.
பின்னட்டையில் ஒன்பது ஆலோசகர்கள்,
எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் பட்டம்.
ஒருவரிடமும் கழுதை இல்லை.

சுவரில் இப்போது வேறு தாள்:
இந்த ஒரு அலமாரிக்கு மட்டும் பென்சில் உண்டு.
பேனாவுக்குத் தடை தொடர்கிறது.

உடனே எல்லாம் ஞானமாகிவிடவில்லை.
பாதிப் பக்கங்களில் மீசை முளைத்தது.
பூமியின் நடுவில், உருகிய இரும்புக்குள்,
யாரோ தன் அண்ணனை நிற்கவைத்தார்கள்.
பனிமலைப் படத்தில் மட்டும்
ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டார்கள்,
வெள்ளை இப்போது எதுவரை இருக்கிறது என்று.
கோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.
படத்தில் இருந்த விளிம்பை
ஒரு கோடுகூடத் தொடவில்லை.

பாறைகள் பற்றிய பக்கத்தில் வில்ஃப்ரெதோ எழுதினான்:
“கற்கள் இரவில் வளரும்.”
அடியில் நான் எழுதினேன்: எப்படித் தெரியும்?
மூன்று நாள் கழித்துப் பதில்:
“மாமா சொன்னார். ஆனால் அளக்கிறேன்.”

கண்டங்கள் நகராத புத்தகத்தை நீக்கிவிட்டேன்.
கேக் புத்தகம் இருக்கிறது,
அதிகம் எடுக்கப்படுவது அதுதான்.

போன வெள்ளிக்கிழமை, அதே பக்கம், அதே கோணல் எழுத்து:
“முப்பது நாள். மயிரிழைகூட வளரவில்லை.
கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.
ஒருவேளை இந்தக் கல்லுக்கு வயதாகிவிட்டதோ.
வேறு கல் எடுத்திருக்கிறேன், சின்னது.”

நான்காவது பூதக்கண்ணாடி எங்கே என்று தெரிந்துவிட்டது.
பதிவேட்டில் அவன் பெயரில் ஏற்றினேன்.
திருப்பித்தரும் தேதிக்கான கட்டத்தை
நிரப்பவில்லை.