பாதிப் போத்தல்

வழக்கு புதுக்கடையில் பதினொரு வருடமாக நடக்கிறது.
மரத்துக்கு அது தெரியாது.
அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்து
மதிலுக்கு வெளியே
ஒழுங்கையின் கொங்கிரீட்டில் கொட்டுகிறது பிலிங்காய்.
ஓட்டோக்கள் நசித்துப் போகின்றன.
செருப்பில் ஒட்டிய புளிப்பு
நாலாம் மாடி வரை என்னோடு ஏறி வருகிறது.

காலி வீதியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.
பகல் முழுக்க மற்றவர்களின் பார்வையை அளந்துவிட்டு
ஆறரைக்கு வரும்போது
குனிந்து பொறுக்க வெட்கமில்லை.
முதல் நாள் ஏழு காய்.
மறுநாள் கைலேஞ்சி நிறைய.
பிறகு கைப்பைக்குள்
ஒரு ஷொப்பிங் பை நிரந்தரமாயிற்று.

தண்டவாளத்தோரத்து வல்லாரையைத் தொடமாட்டேன்.
களுத்துறைக் கோச்சி போகும்போது என்னென்ன சிந்தும் என்று
எனக்குத் தெரியும்.
பள்ளிக்கூட மதிலால் எட்டிப் பார்க்கும் முருங்கையில்
கைக்கெட்டிய இரண்டு நெட்டு, அவ்வளவுதான்.
கொழும்பில் பொறுக்கிச் சமைப்பவளுக்கும் ஒரு சட்டம் உண்டு:
நாய் கால் தூக்கும் உயரத்துக்கு மேலே பறி.

காவலாளி சேபால ஒருநாள் கேற்றைத் திறந்தார்.
"உள்ளுக்கு வாங்க மிஸ், ரோட்டில பொறுக்க வேணாம்."
அன்று இரண்டு கிலோ.

காம்பு கிள்ளி, நீளவாக்கில் பிளந்து,
கல்லுப்பில் பிசறி ஓரிரவு விட்டேன்.
விடியப் பார்த்தால்
காய்கள் தங்கள் தண்ணீரிலேயே மிதக்கின்றன.
அதை ஊற்றவில்லை.
துருவேறிய கத்தியொன்றை அதில் ஊறப்போட்டேன்;
மத்தியானம் அதில் என் மூக்கு தெரிந்தது.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் சுளகு.
மூன்று மணி மழை இந்த ஊரில்
சம்பளத்துக்கு வருவதுபோல் தவறாமல் வரும்.
நான் கடையில் நிற்பேன்.
மூன்றாம் மாடி ரிஸ்மினா ஓடிப்போய் எடுத்து வைப்பாள்;
கூலி, காய்ந்ததில் ஒரு பிடி,
நெத்தலிக் கறிக்கு.
நாலு வெயில், ஒரு காகம், ஒரு தூறல்.
பச்சை போய்ப் பழுப்பேறி
செருப்பு வார் மாதிரிச் சுருண்டன.

விநாகிரி, அரைத்த கடுகு, செத்தல், இஞ்சி, உள்ளி.
சீனி எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
டப்பாவின் அடியில் கிடந்த அவ்வளவு.
முதல் போத்தல் சேபாலவுக்கு.

ஐப்பசியில்
நில அளவையாளரோடு வந்தாராம் வழக்காளி, யோகசிகாமணி.
நாடா இழுத்து, மதிலை அளந்து, மரத்தையும் எண்ணி,
களைத்துக் காவல் கூட்டுக்குள் குந்தியபோது
சேபால தன் சோற்றுப் பார்சலை நீட்டியிருக்கிறார்.
ஒரு வாய்.
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லையாம்.
"இது எங்கட மரம்" என்றாராம்.

நான் பயந்துதான் போனேன்.
களவு, அத்துமீறல்,
பதினொரு வருடக் கோப்புக்குள்
என் பெயருக்கும் ஒரு பக்கம் என்று
இரண்டு இரவு நித்திரையில்லை.

மூன்றாம் நாள் போத்தல் திரும்பி வந்தது.
கழுவாமல். வெறுமையாயும் இல்லாமல்.
கண்ணாடியில் நீல மையால் ஒரு கோடு,
எல்லைக்கல் நட்டதுபோல் அத்தனை நேர்.
கோடு வரைக்கும் அச்சாறு.
"மிச்சம் தங்கச்சிக்காம்" என்றார் சேபால.
"மனோரஞ்சிதம் நோனா. தெஹிவளையில.
கதை பேச்சு இல்ல. மிஸ்தான் குடுக்கணுமாம்."

தெஹிவளை,
நூறாம் இலக்க பஸ்ஸில் ஒரு பாலம் தாண்டினால் சரி.

ஆனால் பாதிப் போத்தல் கூடாது.
மேலே காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்,
புளியும் உப்பும் எவ்வளவு காவல் நின்றாலும்.
சின்னப் போத்தலொன்றைக் கொதிநீரில் கழுவி,
ஈரம் போகக் காயவைத்து,
கழுத்துமட்டும் அடைத்தேன்.
இப்போது பார்த்தால்
யாருக்கும் அது பாதி என்று தெரியாது.

பழைய போத்தலின் கோடு
சவர்க்காரத்துக்குப் போகவில்லை.
இன்று விழுந்த காய் இரண்டு பைக்குள் இருக்கிறது.
நசித்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.