மூன்று பள்ளம்

என் கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு,
பெயருக்குப் பக்கத்தில் விலை உண்டு.
மூன்று அங்குல ஆணி. தார்க் கயிறு. மண்ணெண்ணெய்.
படகின் விரிசலில் அடிக்கிற சணல்.
இது மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்
மே மாதத்திலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது.

கின்ச்சாவ் தீவில் கடல் வெகுதூரம் உள்வாங்கிய ஒரு காலையில்
சிப்பி பொறுக்கப் போன என் மைத்துனன் ஒனோஃப்ரே
மண்வெட்டி ‘ணங்’ என்றதும் தோண்டினான்.
வெள்ளி என்று நினைத்து ஒரு மூலையை அரத்தால் ராவினான்.
மஞ்சளாகச் சிரித்தது.
பித்தளை. என் தராசில்
ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்.

ஒரு முனையில் ஏழு பல், அதில் ஒன்று பாதி.
மறுமுனையில் பிடி.
நடுவில் ஒரு சக்கரம், இடப்பக்கம் மட்டும் சுற்றும்.
அதுவும் எண்ணெயில் ஒரு வாரம் ஊறிய பிறகு.
சுற்றினால்?
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொரு முறை சுற்றினோம்.

எங்கள் ஊரில் மழை நின்றால்தான் செய்தி.
ஒதுங்க வந்தவர்கள்
வாளிகளை எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.
இப்போது இதைச் சுற்றி நிற்கிறார்கள்.

கோவில்பிள்ளை அபெலார்தோ: நற்கருணை அப்பம் அறுக்க.
பள்ளிக்கூடச் சமையல்காரி ரொசால்பா:
அப்பமாவது, இது பன்றி மயிர் சுரண்ட.
படகு எஞ்சின் பார்க்கிற ஹார்டி ஒயார்சோ
பல்லைத் தடவிப் பார்த்து, கியர் என்றான்.
எந்த எஞ்சினுக்கு என்றால்
அது இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம்.
முதுகுப் பையோடு வந்த ஒரு வெளியூர்ப் பையன்
போனில் படம் பிடித்துக் கேட்டான்.
எழுபத்தொரு சதவீதம் கேக் அச்சு என்றது போன்.
அன்றைக்குத்தான் என் கடை அப்படிச் சிரித்தது.

எல்லாவற்றையும் கடன் நோட்டின்
கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதிவந்தேன்.
முன்னாலிருந்து கடன் வளர, பின்னாலிருந்து ஊகம் வளர,
செப்டம்பரில் இரண்டும்
முட்டிக்கொள்ளும் போலிருந்தது.

ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம்.
பிடி சரியில்லை.
மேலே கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்,
கீழே இரண்டே இரண்டு.
மோதிர விரலும் சுண்டு விரலும் வரவேண்டிய இடத்தில்
பித்தளை மேடாகப் புடைத்து நிற்கும்.
பிடித்தால் அந்த இரண்டும் போக்கிடமில்லாமல் வெளியே தொங்கும்.
“கை தெரியாதவன் செய்தது” என்றான் ஹார்டி.
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை
எடெல்மீரா நவெல்கீன் பத்து மீட்டர் கயிறு கேட்டு வந்தாள்.
சால்மன் ஆலையில் வேலை பார்த்தவள்.
ஓடுகிற பெல்ட் வலதுகையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.
ஆலை அவளுக்கு ஒரு தொகை தந்தது, ஒரு கடிதமும்.

நான் கயிறு அளந்துகொண்டிருந்தேன்.
நாலு மீட்டரில் இருந்தபோது கடை அமைதியாகிவிட்டது.
நிமிர்ந்தேன்.
அவள் அதைக் கையில் எடுத்திருந்தாள்.

கட்டைவிரல் மேலே. இரண்டு விரல் கீழே.
புடைத்த மேடு, விரல் போன இடத்தில்
ஒட்டி உட்கார்ந்துவிட்டது.
கூரைத் தகரத்தில் மழை. அபெலார்தோ தொப்பியைக் கழற்றினார்,
ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் சக்கரத்தைச் சுற்றினாள். இடப்பக்கம்.
ஒன்றும் நடக்கவில்லை.

“எதுக்குன்னுதான் தெரியல” என்றாள்.
வைத்தாள். கயிற்றுக்குக் காசு கொடுத்தாள்.
எடுத்துக்கொண்டு போ என்றேன்.
“இத வச்சு நான் என்ன பண்ண?”
மழையைப் பார்க்காமலே இறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஒனோஃப்ரே ஆரம்பித்தான்:
கப்பல்காரனா இருப்பான், நங்கூரக் கயிறு வாங்கியிருக்கும்.
இல்லை, ரம்பம், என்றாள் ரொசால்பா.
பிறக்கும்போதே அப்படியா? யாரோ கேட்டார்கள்.
நான் நோட்டைத் திறக்கவில்லை.

கடை சாத்துகிற நேரம்.
இரண்டு விரலை உள்ளங்கைக்குள் மடக்கி
அதைப் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
அப்படியே விளக்கை அணைக்க நடந்தேன்.
பத்தடி இருக்கும்.
பாதியிலேயே நரம்பு இழுத்து
விரல் இரண்டும் தாமாக விரிந்துகொண்டன.