தவணை

பாடசாலைக்கு வருடத்தில் மூன்று தவணை.
கண்டியில் எங்கள் வழக்குக்கு
இது பதினோராவது.

மஸ்கெலியாவிலிருந்து நாலரை பஸ்.
பக்கத்து இருக்கையில் ரஜிதமலர்,
ஐந்தாம் பிரதிவாதி, நியமனம் கிடைத்தவள்.
நான் இரண்டாம் மனுதாரர்.
ஹற்றனில் ஒரே குடைக்குள் ஓடி
ஒரு பிளேன்டீயைப் பாதியாக்கிக் குடித்தோம்.
காசு அவள்தான் கொடுத்தாள். சம்பளக்காரி.

முடிவுத் திகதியன்று
முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும்
என்றது வர்த்தமானி,
ஆறு வருடம் பிந்தி வந்து.
அந்த ஆறு வருடமும் நான்
நாலாந் தரத்துக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தேன்,
தொண்டர் ஆசிரியையாக, மாதம் மூவாயிரத்துக்கு,
அதுவும் பெற்றோர் சேர்த்துக் கொடுத்தால்.
என் வயதிலிருந்து முப்பத்தைந்தைக் கழித்தேன்.
பன்னிரண்டு நாள் மிச்சம்.

அரச சட்டத்தரணி சிங்களத்தில் நீளமாய்ச் சொன்னதை
மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் முடித்தார்:
விதி.
கொழுந்துக்குப் போகாமல் வந்திருந்த
இரண்டு பெற்றோர்
பின்வாங்கில் தலையாட்டினார்கள்,
வேறு அர்த்தத்தில்.

நீதிபதி நாட்காட்டியைப் புரட்டினார். நவம்பர் பதினாலு.
"ஐயோ, அன்றைக்கு மூன்றாந் தவணைப் பரீட்சை"
என் காதுக்குள் சொன்னாள் ரஜிதமலர்,
எதிர்த்தரப்பில் உட்கார வேண்டியவள்.

இன்றைக்கு எங்கள் இரண்டு வகுப்பையும்
ஒன்றாக உட்காரவைத்து
வாச்சர் பிச்சமுத்து பார்த்துக்கொண்டிருப்பார்.
அவருடைய தகைமை பற்றி
யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள்
என் தோளில் தூங்கிப்போனாள்.
நான் விடைத்தாள் திருத்தினேன், அவள் வகுப்பினதும் சேர்த்து.
கினிகத்தேனை வளைவில் பேனை சறுக்கி
சரியான விடை ஒன்றின் மேல்
சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.
அதை வெட்டி, ஓரத்தில் 'சரி' என்று எழுதி,
பக்கத்தில் கையொப்பமும் இட்டேன்.