குழிக்குள் இருந்த ராசா

களிமுனையில் ஆறடி தோண்டினால் தண்ணி.
நாலடியிலேயே மேசன் உதுமாலெவ்வை
அலவாங்கை நிறுத்திவிட்டு
"டீச்சர், இஞ்ச ஒருக்கா வாங்க" என்றார்.

சட்டி ஓடு என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஒரு கைபிடி மட்டும் முழுசாய்க் கிடந்தது.
அது கழுத்தோடு சேரும் இடத்தில்
குயவர் அழுத்திய பெருவிரல் பள்ளம்.
என் விரல் அதற்குள் போகவில்லை.
பிறகு, காசு.

ஒன்பதாம் ஆண்டுக்கு வருசா வருசம்
கரும்பலகையில் மத்தியதரைக்கடல் கீறுவேன்.
அலெக்சாந்திரியா, செங்கடல்,
வாடைக்கு ஒன்று சோளகத்துக்கு ஒன்றாய் அம்புக்குறி.
முனை எங்கள் பக்கம் திரும்பும்போது
மணி அடித்துவிடும்.
இன்றைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது
தங்கச்சியின் சீதன வளவுக்கு,
கக்கூஸ் குழிக்கு,
முக்கால்வாசி தேய்ந்த ஒரு ராசாவின் மூக்காக.

உதுமாலெவ்வை கேட்டது ஒன்றுதான்:
"அறிவிக்கப் போறீங்களா?"

மலையடியில் அவருக்கு நாலு ஏக்கர் இருந்தது.
உழவில் ரெண்டு செங்கல் கிளம்ப
மச்சான் பெருமையாய் ஊருக்கெல்லாம் காட்டினாராம்.
மூன்றாம் மாதம் எல்லைக்கல்.
மூன்று மொழியில் பலகை.
சொந்த வயலுக்குள் இறங்க ஒரு கடிதம்,
அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம்.
"பழைய சாமான் வெளிய வந்தா
இருக்கிற ஆக்கள் வெளிய போகணும் டீச்சர்."

உறுதியை எடுத்து விரித்தேன்.
தாய் மகளுக்கு, மகள் தன் மகளுக்கு,
ஐந்து கையெழுத்து, அதற்கு மேலே ரெண்டு கைநாட்டு.
கிழக்கே கடல் என்றிருக்கிறது.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரென்று
நொத்தாரிசு எழுதவில்லை.

வதனி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.
ஆவணியில் அவளுக்குக் கல்யாணம்.
"ஆர்ர மூஞ்சிக்கா இது?"
"தெரியாது."
"பேர் தெரியாத ஒருத்தனுக்காக
நான் எங்க போய் இருக்கிற?"

மூன்று கொங்கிறீட் வளையம் இறக்கினோம்.
ராசா அடியில்.
ஓடுகள் அவரைச் சுற்றி.
உதுமாலெவ்வை கூலியில் ஐந்நூறு குறைத்துக்கொண்டார்,
ஏனென்று கேட்டதற்கு வெற்றிலையைத் துப்பிவிட்டு
மண்வெட்டியைக் கழுவினார்.
கைபிடி மட்டும் என் சாறிப் பெட்டிக்குள்.
அது சரியா பிழையா, இன்னும் தெரியாது.

இம்முறை அம்புக்குறியை முதலில் கீறிவிட்டேன்,
நேரே எங்கள் கரைக்கு.
கடைசி வாங்கிலிருந்து கோபிதா எழும்பினாள்:
"இஞ்ச வந்ததெண்டதுக்கு ஆதாரம் இருக்கா டீச்சர்?"

நல்ல கேள்வி என்றேன்.
மணியடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிசம்.
வெண்கட்டி பிடித்த விரலில்
நகத்தடியில் கொஞ்சம் பச்சைக் களிம்பு.