ஒரு விரல் குறைய

மரீ ஊர் பங்க்கில் அந்த ஆள் சொன்னான்:
முட்ட ஊற்றாதே,
வெயிலில் அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும்.
நிறைகுடம் தளும்பாது என்றே படித்தவள்
ஒரு விரல் குறைய நிறுத்தினேன்.

அறுபத்துநாலாம் வருஷத்து லேண்ட் ரோவர்.
பின்கதவில் இரண்டு கேன்.
கூரையில் வேண்டாம், வண்டி சாயும் என்றேன்.
கூரையிலும் இரண்டு கட்டினான் குகதாசன்.

அடுத்த பங்க் இருநூறு கிலோமீட்டர்.
டேங்கே போதும்.
கணக்கு அவனுக்கும் தெரியும்.
ஆனால் யாழ்ப்பாணத்தில், தொண்ணூற்றிரண்டில்,
மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்சைக்கிளை
உசுப்பிவிட
ஒரு மூடி பெட்ரோலுக்கு
அரைநாள் நின்றவன்.

வழியெல்லாம் தலைக்குமேல்
களக், களக்.

கர்டிமுர்கா தாண்டி
செம்புழுதியில் ஒரு யூட்.
பானெட்டில் சாய்ந்திருந்தவள்
கையைக்கூட ஆட்டவில்லை, பார்த்தாள்.

குகதாசன் கூரையேறினான்.
மூடியைத் தளர்த்தியதும்
உஸ்ஸென்றது கேன்,
காலையிலிருந்து அடக்கிய மூச்சு.
காசு வாங்கவில்லை.
காலி கேனை மறுபடி
அதே முடிச்சில் கட்டினான்.

வில்லியம் க்ரீக்கில்
டேங்குக்கு முன்னால் அதைத்தான் நிரப்பினான்.
ஒரு விரல், என்றேன்.
நிறுத்தினான்,
அரை விரலில்.