மூன்றாம் நிரல்

அராலி வெளியில் நெல் அறுத்து மூன்றாம் நாள்.
வரம்பில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு
நானும் அனிஸ்ரலாவும் மேற்கே பார்த்து நிற்கிறோம்.
அவளிடம் தொலைநோக்கி.
என்னிடம் ஒரு பேனை,
கூட்டுறவுச் சங்கத்துப் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம்.
அதன் பின்பக்கத்தில் மூன்று நிரல் கீறியிருக்கிறேன்:

செந்தார்க்கிளி. பெருங்கிளி. தெரியாது.

ஊருக்கு எல்லாம் கிளிதான்.
கதிரை வெட்டிக்கொண்டு போனால் கள்ளக் கிளி,
கூட்டுக்குள் கிடந்தால் எங்கட கிளி.
அதற்குமேல் பிரிக்க ஆருக்கு நேரம்?

தோளைப் பாருங்கோ என்கிறாள் அனிஸ்ரலா.
பெருங்கிளிக்குத் தோளில் ஒரு சிவப்பு,
வெற்றிலை போட்டவர் வாய் துடைத்ததுபோல.
சிறகை மடித்து இருக்கும் விதத்தில் சிலநேரம்
அதுவும் ஒளிந்துவிடும்.
அலகைப் பாருங்கோ:
செந்தாருக்கு மிளகாய்ப்பழம்,
மற்றதுக்குப் பாக்குவெட்டி.
வளையத்தை மட்டும் நம்பாதையுங்கோ.
இரண்டு இனத்திலும் சேவலுக்கு உண்டு,
பெட்டைக்கு இல்லை, குஞ்சுக்கு இன்னும் வரேல்லை.

புத்தகத்தில் வேறு மூன்று இனமும் உண்டு.
அவை ஆனையிறவு தாண்டி வந்து
நாங்கள் காணவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வந்தன.
முதலில் சத்தம். கீச்சென்று
புதுத் துணி கிழிப்பதுபோல, அது செந்தார்.
பன்னிரண்டு, பதினாறு, கோடு கோடாக விழுகிறது.
அதற்குப் பின்னால், ஆறுதலாக,
துருப்பிடித்த கப்பியில் வாளி இறங்குவதுபோல
அடித்தொண்டையில் ஒரு குரல்.
கேட்டனீங்களோ! அனிஸ்ரலாவின் கை நடுங்குகிறது.
கேட்டேன்.
இரண்டாம் நிரலில் முதல் கோடு.

பிறகு வெளிச்சம் இறங்கிவிட்டது.
பச்சை கறுப்பாகி, சிவப்பும் கறுப்பாகி,
ஷெல் தலை கொண்டுபோன பனையின் விளிம்பில்
தனியே ஒன்று வந்து இருந்தது.

பெருங்கிளி, எழுதுங்கோ.
தோள் கண்டனீரோ?
இல்லை, தலை பெரிசு.
கத்தினதோ?
கத்தேல்லை.

பேனை நிற்கிறது.

பள்ளிக்கூட மைதானத்தில்
ஒருமுறை எங்களை நிரையாக விட்டார்கள்.
கதிரையில் ஒரு சாக்கு இருந்தது,
சாக்கில் இரண்டு ஓட்டை, ஓட்டையில் இரண்டு கண்.
எனக்கு முன்னால் வரதகுலன்.
என்னைவிட அரை அங்குலம் உயரம்,
என் மீசைதான் அவனுக்கும்.
ஒரே துணியில் ஒரே தையற்காரர் தைத்த
கோடு போட்ட சேட்டு இருவருக்கும்.
நாங்கள் கடக்கையில் சாக்கு ஆடியது.
அவனுக்கா, எனக்கா?
சாக்குக்கே தெரிந்திருக்குமோ தெரியாது.
அவனைத்தான் ஏற்றினார்கள்.

மூன்று வருடமாகக் கிளி எண்ணுகிறோம்,
அனிஸ்ரலாவுக்கு இதை நான் சொன்னதில்லை.
அவள் அப்போது பிறக்கவுமில்லை.

மூன்றாம் நிரலில் கோடு போட்டேன்.

உங்களோடை வந்தால்
யாழ்ப்பாணத்துக் கிளியில் பாதி தெரியாததுதான்,
என்று கோபித்தாள்.
கச்சேரியில் கேட்பினம், கணக்கென்றால்
கணக்காய் இருக்கவேணும், என்றாள்.
அவள் சொல்வது பிழையில்லை.
அது பெருங்கிளியாகத்தான் இருக்கும்,
நூற்றுக்குத் தொண்ணூறு.

பனைப் பொந்துக்குள் அது இறங்கிற்று.
வால் மட்டும் கொஞ்சநேரம் வெளியே கிடந்தது,
பிறகு அதுவும் இல்லை.

நாற்பத்தொன்று. ஆறு. பதினெட்டு.
கூட்டிப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன்.
அவள் வாங்கி, டோர்ச் அடித்து,
பதினெட்டைக் கனநேரம் பார்த்தாள்.
திருத்தவில்லை.
எனக்காக நில்லாமல் சைக்கிளை உழக்கினாள்.

என் சங்கிலி கழன்றிருந்தது.
கொழுவி, கிறீஸ் கையோடு சந்திக்கு வந்தால்
மூடிய கடைவாசலில் நிற்கிறாள்.
நாளைக்கு வெள்ளெண வருவம், என்றாள்,
வெளிச்சத்தோடை பார்க்கலாம்.

ஓம், என்று வாயால் சொன்னேன்.
தலையை ஆட்டவில்லை.