அடைப்புக்குறி இல்லாமல்

டோர்ஷாவ்னில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
மீன்வள நிலையத்தின் இரண்டாம் மாடியில்
மார்யுன் ஒரு செயற்கூற்றின் பெயரைத் தட்டினாள்,
முதன்முறையாக
அடைப்புக்குறி போடாமல்.

பதினோரு வருடமாக அதை
வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.
இந்தா நீளம், இந்தா வயது,
வளைகோடு போட்டுக் கொடு.
கொடுக்கும்.
அடைப்புக்குறி இருந்தால் "வா, செய்" என்று பொருள்.
இல்லாவிட்டால் வெறும் பெயர்.
வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
அது வேலை செய்வதில்லை,
தன்னைக் காட்டுகிறது.

காட்டியது மூன்று வரி.
அதிலும் விஷயம் ஒன்றுதான்:
இங்கே இல்லை, உள்ளே கேள்.

அடுத்த ஜன்னலைக் கைகாட்டும் குமாஸ்தாக்கள்
அந்தத் தீவிலும் உண்டு.
அடுத்த ஜன்னலோ சாத்தியிருந்தது.
திறக்க மூன்று முக்காற்புள்ளி வேண்டும்,
பெயரை ஒட்டி, இடைவெளி இல்லாமல்.
மூன்று முக்கால் இரண்டேகால்
என்பார்கள் வாய்ப்பாடு படித்தவர்கள்.
இங்கே அது தாழ்ப்பாள் விலகுகிற சத்தம்.

உள்ளே வேறொரு மொழி.
மூலப்பொதியைத் தனியே இறக்கிப் பிரித்தால்
அதற்கும் அடியில்
எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் கத்துகிற
பழைய ஃபோர்ட்ரான்.
மூன்றாவது காபி ஆறிப்போனபோது
இந்த வரி வந்தது:

நீளம் எட்டுக்குக் குறைந்தால் எட்டு என்று கொள்.

தலைமேல் ஒரு குறிப்பு:
ஏனென்று தெரியவில்லை. எடுத்தால் உடைகிறது.
டி. பெல்லோ, மார்ச் 1983.

மார்யுன் எழுந்து கண்ணாடியண்டை போனாள்.
எதிர்க் கூரையின் புல் காற்றில் படுத்துக் கிடந்தது.

ஐந்து சென்டிமீட்டர் காட் குஞ்சுகளை
அவள் கையாலேயே அளந்திருக்கிறாள்,
ஆடுகிற கப்பலில், விரல் விறைக்க.
ஐந்து. ஆறு. ஐந்தரை.
நனைந்த தாளில் பென்சிலால் குறித்து
கரைக்கு வந்து தட்டச்சு செய்து
எல்லாம் எட்டு ஆகியிருக்கிறது,
பதினோரு இலையுதிர்காலம்.

ஏமாற்றியது என்று சொல்ல முடியாது.
கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

நகலெடுத்தாள்.
எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு,
இந்தப் பத்து வரியை மட்டும் வெட்டாதே
என்றது உரிமக் குறிப்பு.
வெட்டவில்லை.
ஓட்டினாள். ஓடவில்லை.
ஒரு சிறு கூறு காணோம் என்றது.
அதைத் தேடிக் கொண்டுவந்தால்
அது தன் கூட்டாளி இல்லாமல் வராதாம்.
கூட்டாளிக்கு ஒரு மச்சான்.
இரவு ஒன்பதுக்கு
கல்யாண வீடு மாதிரி ஒரு கோப்பு,
நாற்பத்தொரு பேர், ஒரே பந்தியில்.

எட்டை அடித்து மூன்று என்று எழுதினாள்.
பழைய பெயரையே வைத்தாள், சோம்பல்.

அதன் விலை வியாழக்கிழமை வந்தது.
ஹொக்னியின் கணினியில் ஒரு வளைகோடு,
இவளுடையதில் வேறு.
ஒரே பெயர், ஒரே மீன், இரண்டு பதில்.
"நீ தப்பு."
"நீ தப்பு."
கதவு ஒன்று வேகமாகச் சாத்தப்பட்டது.
மதியத்துக்கு மேல் ஹொக்னிதான் வந்து
அவள் திரையில்
அந்தப் பெயரை வெறுமனே தட்டினான்,
படித்தான்,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பெயரின் வாலில் ஊரைச் சேர்த்தார்கள்.
மூன்று, வடக்குப் பகுதித் தரவில்
கணக்கு ஒன்றாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றரை, அதுவும் சுற்றியது.
நான்கில் நின்றது.
ஏன் நான்கு?
பலகை முழுக்க மடக்கைகள் எழுதிப் பார்த்தார்கள்.
ஆறு மணிக்கு விளக்குகள் தாமாக அணைந்தன,
கை அசைத்ததும் எரிந்தன.

பெல்லோவின் குறிப்பை அவள் அழிக்கவில்லை.
அதன் கீழே ஒரு வரி:

நான்கு போதும். குறைத்தால் சுற்றுகிறது.
ஏனென்று எங்களுக்கும் தெரியவில்லை.
மார்யுன், ஹொக்னி. அக்டோபர்.

சேமித்துவிட்டு
மழைக்கோட்டைத் தேடினாள்.
அது நாற்காலியின் முதுகில்தான் இருந்தது,
இன்னும் ஈரமாக.